லாத்தா வீட்டு மாடிக் கம்பம்

எங்கள் தெருவுக்கு டிவி வந்த காலத்தில் படம் கடலைத் தாண்டித்தான் வந்தது. சென்னையில் காட்டுவது சென்னையோடு சரி, காரைக்கால் வரை எட்டாது. இலங்கையில் காட்டுவதோ சாயங்காலமானால் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். காற்று நன்றாக இருந்தால் செய்தி வாசிக்கும் பெண்ணின் சேலைக் கரைகூடத் தெரியும்.

எழுபதுகளில் ரேடியோவும் இப்படித்தான். நான் கல்யாணமாகிக் காரைக்காலுக்கு வந்த புதிதில், விடிந்தால் தெரு முழுக்க சிலோன் ரேடியோ. ஒரு வீட்டு வாசலில் பாட்டின் முதல் வரியை விட்டால் அடுத்த வீட்டு வாசலில் இரண்டாவது வரியைப் பிடித்துக்கொள்ளலாம். ரேடியோவைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டு ட்ரான்சிஸ்டர் ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டது. கடைக்கு எடுத்துப்போக என் வீட்டுக்காரருக்கு நேரமில்லை. காய் நறுக்கும் கத்தியின் முனையால் திருகாணியைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. ஒட்டவைத்தேன், பாடியது. அன்றிலிருந்து "அவங்க தொட்டா பேசும்" என்று தெருவில் ஒரு பேர் வந்துவிட்டது. தொட்டுக் கெடுத்ததும் உண்டு, அதை மட்டும் யாரும் பரப்பவில்லை.

எதிர்வீட்டு முஸ்லிம் அம்மாவை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். அவர்கள் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். லாத்தாவின் கணவர் சவூதியில் வேலை பார்த்தார். வெளிநாடு போவதை அவர்கள் சபர் என்பார்கள். லாத்தா சொல்வது இன்னும் நன்றாக இருக்கும்: "அவங்க சபர்ல இருக்காங்க, நான் காவல்ல இருக்கேன்." எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு விடுமுறைக்கு வந்தபோது அந்த மனிதர் ஒரு கலர் டிவியைக் கொண்டுவந்தார். அவர்கள் வீடுதான் தெருவிலேயே உயரம். மொட்டைமாடியில் தண்ணீர்க் குழாய்ப் பைப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிக் கம்பம் நட்டு, உச்சியில் ஆண்டெனாவைத் தெற்கே கொஞ்சம் கிழக்காகத் திருப்பி வைத்தார். கடற்கரை ஊர் இல்லையா, அதன் உருவத்தைப் பார்த்ததும் எல்லோரும் மீன்முள் என்றே சொல்லத் தொடங்கினார்கள்.

மற்ற வீடுகளுக்கும் பெட்டி வந்தபோது ஒரு சங்கடம். எங்கள் வீடுகள் தாழ்வானவை, எவ்வளவு நீட்டினாலும் படம் பிடிக்கவில்லை. "எங்க கம்பத்துல இருந்து இழுத்துக்குங்களேன்" என்றார் லாத்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்களெல்லாம் கூடி, பட்டை ஒயரை லாத்தா வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கும், அங்கிருந்து வாத்தியார் வீட்டுக்கும், கடைசியில் சொல்தா மாமா வீட்டுக்கும் இழுத்தார்கள். சொல்தா மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சிப்பாயை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். கடைசி வீட்டுக்குப் போகும்போது படத்தில் பாதிதான் மிஞ்சும் என்று நான் சொன்னதற்கு, "கடைசியில நிக்கிறது எனக்குப் பழக்கம்தான்மா, முன்னாடி நின்னவன்லாம் திரும்பி வரல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் வீட்டு இணைப்பை நான் அதிகம் கவனித்தேன்.

இழுத்துக் கட்டியதோடு ஆண்களின் வேலை முடிந்தது. திங்கட்கிழமை அவர்கள் ஆபீஸ் போய்விட்டார்கள். காக்கையும் உப்புக் காற்றும் ஆபீஸ் போகவில்லை. நாலு நாளில் முதல் கோளாறு. அதன் பிறகு அந்த ஒயர்கள் எங்கள் பெண்களின் பொறுப்பாகிவிட்டன.

கோளாறு என்றால் மத்தியானத்தில் லாத்தா வீட்டு மாடிக்கு ஏற வேண்டும். அதற்கு அவர் காத்திருப்பார். மகன் திருச்சியில் ஹாஸ்டலில் படித்தான். அவ்வளவு பெரிய வீட்டில் அவர் ஒரே ஆள். உறவுக்காரர் வீட்டு நல்லது கெட்டதுக்கு, அதுவும் வண்டி வைத்துத்தான், வெளியே போவார். தெருவில் இறங்கி நடந்து எதிர்வீட்டுக்கு வரும் வழக்கமே இல்லை. அதனால் நாங்கள்தான் போக வேண்டும். அவர் மறைக்காமல் சொல்வார்: "தங்கச்சி, உங்க வீட்டுப் படம் கெட்டாத்தான் எனக்கு நல்ல காலம்." கறுப்புத் தேநீரில் இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு தட்டு போண்டாவோடு படிக்கட்டில் பின்னாலேயே வருவார். கோளாறைச் சரிசெய்ய ஆகும் நேரத்தைவிடப் போண்டா தீரும் நேரம் அதிகம்.

கோளாறுகள் பெருகப் பெருக எனக்குக் குழப்பமாகிவிட்டது. போன மாதம் எந்த இணைப்பைச் சுரண்டினேன், எதை மாற்றினேன் என்று மறந்துபோகும். ஒருநாள் அடுப்புக் கரித்துண்டு ஒன்றை எடுத்துப்போய், மாடியில் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் எழுதினேன். எந்த வீடு, என்ன குறை, என்ன செய்தோம் என்று. குறையை அவரவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவேன். அதில்தான் விஷயம் இருந்தது. "எறும்பு ஓடுது" என்றால் எங்கேயோ இணைப்பு பச்சை பூத்திருக்கிறது. "ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்துல அவன் பேய் நிக்குது" என்றால் மீன்முள் திரும்பியிருக்கிறது. "ஆளு மேலேர்ந்து கீழ உருளுறான்" என்றால் அது அவர்கள் பெட்டியின் திருகு, நம் தப்பு இல்லை. வாத்தியார் வீட்டம்மா ஒருமுறை, "நியூஸ் வாசிக்கிறவ மூஞ்சி நேத்துலேர்ந்து ஒரு பக்கமா வீங்கியிருக்கு, பல்வலியா இருக்கும்" என்றார். அதையும் அப்படியே எழுதினேன். என்ன கோளாறு என்று இன்றுவரை தெரியாது, தானாகச் சரியாகிவிட்டது. சுவரில் "தானாக" என்று எழுதினேன்.

மீன்முள்ளைத் திருப்புவதுதான் பெரிய வேலை. மாடியில் ஒருத்தர் பைப்பைப் பிடிக்க வேண்டும், வாசலில் ஒருத்தர் நிற்க வேண்டும், டிவி முன்னால் ஒருத்தர்.

"இப்ப?"

"இல்ல!"

"இப்ப?"

"வந்துச்சு... போயிடுச்சு!"

"எந்தப் பக்கம் போச்சு?"

"எனக்கு எப்புடித் தெரியும், அது என்ன எருமையா? நீங்கதான் திருப்புனீங்க!" இது வாத்தியார் வீட்டம்மா. அவர் குரலுக்கு ஒயரே தேவையில்லை என்று சொல்தா மாமா சொல்வார்.

சொல்தா மாமாவுக்கு என் சுவரில் ஒரு குறை. "என்ன செஞ்சீங்கன்னு போட்டிருக்கீங்க, ஏன் செஞ்சீங்கன்னு போடலையே. எங்க பட்டாளத்துல ஒரு பானை உடைஞ்சாக்கூட ப்ரொசே-வெர்பால் உண்டு. யாரு உடைச்சா, எதுக்கு உடைச்சா, இனிமே பானை எங்க வைக்கிறது, எல்லாம் எழுதி கையெழுத்து."

"மாமா, இது ஒயரு. இதுக்கு எதுக்குக் கோர்ட்டு?" என்றார் வாத்தியார் வீட்டம்மா.

"நாளைக்கு எவனாவது வந்து இதென்ன கோணலா இருக்குன்னு நேரா ஆக்குவான். அப்ப கூப்புடுங்க என்னை."

அவர் நச்சரிப்பு தாங்காமல் 'ஏன்' என்று ஓர் ஓரத்தில் எழுதத் தொடங்கினேன். எழுதும்போதுதான் தெரிந்தது, கோணலாக இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. எங்கள் வீட்டு ஒயர் வாசல் பக்கமாகக் குறுக்கே வராமல், மாடிகள் இல்லாத தெருக்கோடியில் தெருவைத் தாண்டிக் கொல்லைப்புறம் முருங்கை மரத்தைச் சுற்றி வந்ததற்குக் காரணம் மாங்கனித் திருவிழா. சாமி தெருவில் வரும்போது மாடி மாடியாக நின்று ஜனம் மாம்பழம் வீசும் அல்லவா? லாத்தா வீட்டு மாடி எங்கள் தெருப் பெண்களுக்கு அன்று சொந்த மாடி. முதல் வருஷம் குறுக்கே போன ஒயரில் காம்போடு மாம்பழங்கள் தொங்கின. அது போதாதென்று, யாரோ வேண்டுதலில் வேகமாக வீசிய ஒரு பழம் மீன்முள்ளின் ஒரு குச்சியை வளைத்துவிட்டது. கீழே கையேந்தி நின்றவர்களுக்குப் பழம் கிடைத்தது, எங்களுக்கு ஒரு வாரம் பேய் கிடைத்தது. குச்சியை நிமிர்த்தப் போய் உடைந்துவிடுமோ என்று வளைந்தபடியே விட்டோம், படம் முன்னைவிடச் சற்று நன்றாகவே வந்தது. "சாமி திருப்பி வச்ச குச்சி, யாரும் தொடாதீங்க" என்றார் லாத்தா. அதையும் எழுதினேன்.

இப்படி அந்தச் சுவர் நிறைந்தது. உட்காரும் உயரத்திலிருந்து கை எட்டும் உயரம் வரை கரி. என் கல்யாணப் புடவைகளைவிட அந்தச் சுவரை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அப்போதுதான் லாத்தாவின் கணவருடைய அண்ணன் ஊருக்கு வந்தார். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர், நீண்ட விடுப்பு. குடும்பத்துக்கு மூத்தவர் என்பதால் வீட்டுக் காரியங்களில் அவர் வைத்ததுதான் சட்டம். கெட்ட மனிதர் இல்லை. எங்களைப் பார்த்தால் தலைகுனிந்து "நல்லா இருக்கீங்களாம்மா" என்பார். பெருநாள் வந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னார்.

எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் வாத்தியார் வீட்டில் எறும்பு என்று மாடிக்குப் போனேன். தொட்டிச் சுவர் பளீரென்று நின்றது. சுண்ணாம்பு இன்னும் ஈரம். ஒரு எழுத்து இல்லை. லாத்தா படிக்கட்டில் நின்று, "தங்கச்சி, நான் சமையக்கட்டுல இருந்தேன். மேல ஏறி வந்து பாக்குறேன், முடிஞ்சுபோச்சு" என்று கண் கலங்கினார். அவர் அழுதது சுவருக்காக மட்டும் இல்லை என்பது மறுநாள்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் பெரியவர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நான், வாத்தியார் வீட்டம்மா, சொல்தா மாமா மூவரும் மாடிக்குப் போனோம். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லாத்தா படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றார். கணவரின் அண்ணனோடு முகத்துக்கு நேரே பேசுவது அந்த வீட்டு வழக்கம் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இடையில் ஒரு ஆளிடம் சொல்வார், அவர் பதிலையும் அந்த ஆளிடம்தான் சொல்வார். எல்லோர் காதிலும் எல்லாமே விழும். அன்று அந்த இடை ஆள் நான்.

"இதை இறக்கிடலாம்னு பாக்குறேன்மா" என்றார் பெரியவர். "மாடி ஒழுகுது. கம்பத்துல பாத்தா அங்க ஒரு கயிறு, இங்க ஒரு சிரட்டை. கப்பல்ல ஒரு ஆணி இருந்தாலும் அது எதுக்குன்னு ஒருத்தன் சொல்லணும். இங்க யாராவது சொல்ல முடியுமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல்: "தங்கச்சி, சொல்ல முடியும்னு சொல்லுங்க."

"சொல்ல முடியுங்க" என்றேன். பார்த்துச் சொல்லத்தான் சுவர் இல்லை.

"கம்பத்து உச்சியில தேங்காச் சிரட்டை எதுக்கு?"

வாத்தியார் வீட்டம்மா முந்திக்கொண்டார். "பைப்பு வாய் திறந்திருந்துச்சுங்க பாய். கடக்காத்து அடிச்சா சங்கு ஊதுற மாதிரியே ஊதும். எங்க வூட்டுக்காரரு யாரு போயிட்டாங்கன்னு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்துட்டாரு. அதான் மூடுனோம்."

பெரியவரின் மீசை லேசாக அசைந்தது. "சரி. நல்ல இரும்புக் கம்பி கட்டாம மீன்வலைக் கயிறு ஏன்?"

"கம்பிதான் கட்டுனோம், ஒரு மழைக்காலம் தாங்கல. கையால தொட்டாப் பொடியா உதிர்ந்துச்சு. கிளிஞ்சல்மேட்டுல இருந்து மீன் கொண்டாருவாங்களே, அந்தம்மாதான் இந்தக் கயிறைக் குடுத்து, படகையே இழுத்துக் கட்டுறோம், உங்க குச்சியைப் புடிக்காதான்னாங்க" என்றேன்.

கப்பல்காரருக்கு அது பிடித்திருந்தது. தலையை ஆட்டினார். ஒயர் ஏன் சுற்றிப் போகிறது என்று கேட்டார், மாங்கனித் திருவிழாவைச் சொன்னேன். வளைந்த குச்சி என்று கேட்டார். "மாம்பழம்" என்று நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் சொல்ல, "என்னாங்கனி, பட்டாளத்துக்காரரும் இதுல சாட்சியா?" என்று சொல்தா மாமாவைப் பார்த்துச் சிரித்தேவிட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சுவரில் எழுதியதெல்லாம் ஒரு வரி விடாமல் வாய்க்கு வந்தது. நான் மறந்ததை வாத்தியார் வீட்டம்மா எடுத்துக்கொடுத்தார், அவர் மிகைப்படுத்தியதைச் சொல்தா மாமா திருத்தினார், மூவரும் விட்டதைக் கதவு சொன்னது. அவரவர் சொன்ன வார்த்தை அவரவருக்கு மறக்குமா?

கேள்வி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பெரியவர் எழுந்து கைப்பிடிச் சுவர் அருகே போனார்.

"நீங்க சொன்னதெல்லாம் நியாயம்தான்மா. சிரட்டைக்குக் காரணம் இருக்கு, கயித்துக்குக் காரணம் இருக்கு. கம்பத்துக்கு என்ன காரணம்? நம்ம பக்கமே டிவி டவர் வரப்போகுதுன்னு சொல்றாங்க. வந்தா அவங்கவங்க வீட்டுல ஒரு குச்சியை நட்டாப் போதும். பின்ன இது எதுக்கு எங்க மாடியில நிக்கணும்?"

அவர் சொன்னது உண்மை. வாத்தியார் வீட்டம்மா என் முழங்கையை இடித்தார், நான் சொல்தா மாமாவைப் பார்த்தேன்.

"தங்கச்சி, மச்சான்ட்ட சொல்லுங்க..." என்று கதவு தொடங்கியது. நான் திரும்பினேன். பிறகு கதவு திறந்தது. லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலுக்கு வந்து நின்றார். பெரியவர் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். அவர் முதுகைப் பார்த்துத்தான் லாத்தா பேசினார். ஆனால் என் வழியாக இல்லை.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. கம்பம் படத்துக்கு இல்ல. இது இருந்தா இவங்க வருவாங்க. இதை இறக்கிட்டா இந்தப் படியில யாரு ஏறப் போறா? உங்க தம்பி ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வாறாங்க. புள்ளை லீவுக்கு வாறான். மிச்ச நாள்ல நான் யாரோட பேசுறது, ஃபிரிட்ஜோடயா?"

தெருவில் ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டே போனான், அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பெரியவர் திரும்பாமலே நின்றார். அவரும் வருஷக்கணக்கில் கடலில் இருந்தவர். என்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கயிறு கட்ட ஆணி அடிச்சிருக்கீங்கள்ல, அந்த ஓட்டை வழியாத்தான் ஒழுகுது. கொத்தனாரை வரச்சொல்லிச் சிமெண்ட் வைக்கச் சொல்றேன். இனிமே தரையில அடிக்காதீங்க, கைப்பிடிச் சுவத்துல கட்டுங்க." படியிறங்கும்போது, "உங்க லாத்தாட்ட சொல்லுங்கம்மா, டீ ஆறிப்போகுதுன்னு" என்றார். லாத்தா ஒரு கை தூரத்தில்தான் நின்றார். நானும் கடமையாகத் திரும்பி, "லாத்தா, டீ ஆறிப்போகுதாம்" என்றேன்.

அன்று சாப்பிட்ட போண்டாவைப் போல் நான் பிறகு சாப்பிட்டதில்லை. சொல்தா மாமா சப்புக்கொட்டிக்கொண்டே, "இதுதான் தீர்மானம்னா, மாசம் ஒரு தீர்மானம் போடலாம்" என்றார்.

கம்பம் இன்னும் கொஞ்ச காலம் நின்றது. பிறகு அவர் சொன்னபடியே டவர் வந்தது. ஒரு முழ உயரத்தில் குச்சி வைத்தாலே படம் கொட்டியது. முதலில் வாத்தியார் வீட்டில் ஒயரைக் கழற்றினார்கள், பிறகு சொல்தா மாமா, கடைசியில் நாங்கள். என் வீட்டுக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது லாத்தா மாடியில் நின்று பார்த்தார். அடுத்த சில வாரங்கள் என் பெண்ணுக்கு அம்மை, வீட்டில் வேப்பிலை, யாரும் எங்கும் போகவில்லை. நிஜத்தைச் சொன்னால், போவதற்கு ஒரு காரணம் தேடித்தேடிப் பழகிய எனக்கு, காரணம் இல்லாமல் எப்படிப் போய்ப் படியேறுவது என்று தெரியவில்லை.

பெண்ணுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் பிற்பகல். கதவு தட்டும் சத்தம். திறந்தால், வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு, வேர்த்த முகத்தோடு லாத்தா. எதிர்வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் எங்கள் வாசற்படியில் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்ன கேட்பது என்று தெரியாமல், "படம் நல்லாத் தெரியுதா லாத்தா?" என்றேன்.

"அதுக்கென்ன, நல்லாத்தான் தெரியுது. பாப்பா தேவலையா?"

"தேவலை. நீங்க எப்புடி நடந்து..."

"தெரு எவ்வளவு அகலம்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் லாத்தா. திரும்பித் தன் வீட்டை ஒருமுறை பார்த்தார், அங்கிருந்து வந்ததை அவரே நம்பாதவர் போல. "அப்படி ஒண்ணும் அகலமா இல்ல. உள்ள கூப்புடுங்க தங்கச்சி, வெயிலு."